விளக்குகளின் நகரமும் கட்டில் விரிக்கும் கைகளும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மொஹாவி பாலைவனத்தின் நடுவே அமைந்துள்ளது லாஸ் வேகாஸ் நகரம். அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ நான்கு அங்குலம்தான். குடிக்கும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றிலிருந்தே வருகின்றது. அந்த ஆற்றை மறித்து ஹூவர் அணையைக் கட்டத் தொடங்கிய 1931ஆம் ஆண்டிலேயே நெவாடா அரசு சூதாட்டத்தையும் சட்டபூர்வமாக்கியது. தண்ணீரும் மின்சாரமும் அணையால் வந்தன. பணம் சூதாட்டத்தால் வந்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடிக்கும் அதிகமானோர் இந்நகருக்கு வந்து சென்றனர்.

பார்க்கவும் உண்ணவும்

'ஸ்ட்ரிப்' எனப்படும் பிரதான வீதி ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளமானது. அதன் இருமருங்கிலும் ஒவ்வொரு ஹொட்டேலும் ஒரு வேடிக்கை. ஒன்றின் முன்னால் பாரிஸ் ஈபிள் கோபுரம் பாதி அளவில் நிற்கின்றது. இன்னொன்றில் வெனிஸ் நகரைப் போல் கால்வாயில் படகு ஓடுகின்றது. வேறொன்று எகிப்தியப் பிரமிட் வடிவில் உள்ளது. 1998இல் திறக்கப்பட்ட பெலாஜியோ ஹொட்டேலின் முன்னாலுள்ள ஏரியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்த்தாரைகள் இசைக்கேற்ப எழுந்து ஆடுகின்றன. இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. 2023இல் திறக்கப்பட்ட 'ஸ்பியர்' என்னும் 366 அடி உயரக் கோள அரங்கின் வெளிச்சுவர் முழுவதுமே ஒளித்திரையாகும்.

உணவிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு டொலருக்கு விரும்பியதை எடுத்துண்ணும் 'பஃபே' விருந்து 1940களில் இங்கு எல் ராஞ்சோ வேகாஸ் ஹொட்டேலில் தொடங்கியது. இரவில் ஆட வந்தவர்கள் பசிக்காக வெளியே போய்விடக் கூடாது என்பதே நோக்கம். உணவில் விட்ட காசை ஆட்ட மேசையில் எடுத்துக்கொள்ளலாம். இன்று அந்த மலிவு விருந்துகள் குறைந்துவிட்டன. புகழ்பெற்ற சமையற்காரர்களின் பெயரில் நடக்கும் விலையுயர்ந்த உணவகங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன.

இரவின் கணக்கு

இருட்டியதும் இசை நிகழ்ச்சி, சர்க்கஸ், நடனக்கூடம் என நகரம் விழித்துக்கொள்கின்றது. எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது கசினோ. அங்கு சுழலும் சில்லில் 38 குழிகள் உள்ளன. சொன்ன இலக்கத்தில் குண்டு விழுந்தால், வைத்த ஒரு டொலருடன் 35 டொலர் கிடைக்கும். ஒருவர் 38 இலக்கங்களிலும் ஒவ்வொரு டொலர் வைத்தாலும் கைக்கு வருவது 36 டொலர்தான். மிகுதி 2 டொலர் முதலாளிக்கு. ஒருவர் ஓரிரவு வெல்லலாம். ஆனால் ஆடிக்கொண்டே இருப்பவர் இறுதியில் தோற்கும்படியே சில்லு செய்யப்பட்டுள்ளது.

விடிந்த பின்

விருந்தினர் உறங்கி எழுந்த கட்டில்களை விரிப்பவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள், அவர்களிற் பலர் வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். இவர்களின் தொழிற்சங்கமே 'கலினரி 226'. சமையற்காரர், பரிமாறுவோர், அறை துப்புரவு செய்வோர் என ஏறத்தாழ 60,000 பேர் இதில் உள்ளனர். அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

1990இல் இச்சங்கத்தின் தலைவியாகத் தெரிவானவர் ஹாட்டி கான்டி என்னும் கறுப்பினப் பெண். பத்துப் பிள்ளைகளின் தாய். 1975இல் கணவர் இறந்தபோது எட்டுப் பிள்ளைகள் இன்னும் வீட்டில் இருந்தனர். ஹொட்டேல் அறைகளைத் துப்புரவு செய்து அவர்களை வளர்த்தவர், தன்னைப் போன்றவர்களின் தலைவியானார். அவரது காலத்தில், 1991 செப்டெம்பரில், ஃப்ரொன்டியர் ஹொட்டேலின் 550 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆறு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் வெயிலிலும் குளிரிலும் நடைபாதையில் நின்றனர். ஒருவர்கூட இடையில் விட்டுக்கொடுத்து வேலைக்குத் திரும்பவில்லை. 1998 தொடக்கத்தில் ஹொட்டேல் கைமாறி, புதிய உரிமையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னரே உள்ளே சென்றனர்.

தனியே அறைக்குள் நுழையும் பெண்ணுக்கு உள்ளே என்ன நேருமோ என்ற அச்சம் எப்போதும் உண்டு. ஆபத்தில் அழுத்தினால் உதவி வரும் பொத்தானை அவளிடம் கொடுக்க வேண்டும் என்பதை 2018 ஒப்பந்தத்தில் இச்சங்கம் எழுதச் செய்தது. 2023 இறுதியில், வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்த பின்னர், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 32 வீத உயர்வுக்குப் பெரிய நிறுவனங்கள் இணங்கின.

ஹாட்டி கான்டி 2012இல் காலமானார். அவர் காலத்தில் 1993இல் தொடங்கிய தொழிற்பயிற்சி நிலையம் சமையலும் ஹொட்டேல் வேலைகளும் இன்றும் கற்பித்து வருகின்றது. நான்கு கோடிப் பேர் அதிர்ஷ்டத்தைத் தேடி வரும் நகரில், அதிர்ஷ்டத்தை நம்பாமல் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்ற ஊதியத்தில் இப்பெண்கள் தமது பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். லாஸ் வேகாஸில் பார்க்கத் தகுந்தவற்றுள் இதுவும் ஒன்று.