இட்லிக்கு அஞ்சிய நகரம்

நம் அடுக்களையில் வேகும் இட்லி, ஒரு காலத்தில் இந்நகர வீதிகளில் கிளர்ச்சி முழக்கமாயிற்று என்றால் மல்காஜ்கிரியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் நகைப்பர். ஆயினும் நிகழ்ந்தது அதுவே. 1952ஆம் ஆண்டு செப்டம்பரில், "முல்கி அல்லாதார் திரும்பிப் போகட்டும்" என்னும் முழக்கத்துடன் "இட்லி சாம்பார் திரும்பிப் போகட்டும்" என்பதும் ஐதராபாத்தில் ஒலித்தது. சிட்டி கல்லூரியருகே போலீசார் சுட்டதில் உயிர்களும் மாண்டன.

முல்கி என்றால் இம்மண்ணுக்குரியவர். அரசாங்க உத்தியோகம் பெறப் பதினைந்து ஆண்டுக் குடியிருப்பு வேண்டும் என்பது நிஜாமின் 1919ஆம் ஆண்டு ஆணை. 1948க்குப் பின் வெளியிலிருந்து அலுவலரும் ஆசிரியரும் வந்தனர். பொய்ச் சான்றிதழ் காட்டி வேலை பெற்றோர் உண்டென்ற புகாரும் எழுந்தது. அம்மனக்குறையை வெறுங் காழ்ப்பென்று ஒதுக்குவது நேர்மையன்று. ஆனால் உத்தியோகத்தைப் பற்றிய அச்சம் உணவின்மேல் பாய்ந்தது ஏன்? (1972இல் உச்ச நீதிமன்றம் அவ்விதிகள் செல்லும் என்றதும், 1973இல் அவை நீக்கப்பட்டதும் தனிக்கதை.)

அமெரிக்க சமூகவியலார் ஹெர்பர்ட் புளூமர் 1958இல் இதற்கொரு விளக்கம் தந்தார். தனிமனிதரின் வெறுப்பன்று, தம் கூட்டத்திற்குரிய இடம் பறிபோகுமோ என்ற கலக்கமே பகைமைக்கு வேர் என்றார். நார்பர்ட் எலியாஸும் ஜான் ஸ்காட்சனும் 1965இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. இங்கிலாந்தில் ஒரு புறநகர். இனம் ஒன்று, மொழி ஒன்று, தொழிலும் ஏறக்குறைய ஒன்று. முன்வந்தோர், பின்வந்தோர் என்பதே வேற்றுமை. ஆயினும் பழங்குடிகள் தம்முள் சிறந்த சிலரைக் கொண்டு தம்மை அளந்தனர்; புதியோரை அவருள் தாழ்ந்த சிலரைக் கொண்டு அளந்தனர்.

இவ்வளவுகோல் நம் கையிலும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. வேறு நிகழ்ச்சிகளின் படங்களே அவை. தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். அவ்வதந்தி பொய்யென்று நாம் சினந்தோம், சினம் நியாயமே. எனினும், அத்தனை பேர் அதை உடனே நம்பும்படி, 'வடக்கன்' என்ற சொல் நம் நாவில் எவ்வளவு எளிதாய்ப் புழங்கியது என்பதை எத்தனை பேர் எண்ணினோம்?

இன்று ஐதராபாத்தில் எழும் மாடிக் கட்டடங்களில் பீகாரிகளும் ஒடியர்களும் உழைக்கின்றனர். நம் பகுதியிலும் அவர்களைக் காண்கிறோம். அவர்களைக் குறித்து நம் இல்லங்களில் என்ன பேசப்படுகிறது என்பதை அன்பர்கள் ஒளிவின்றி எழுதியனுப்பினால், இப்பக்கங்களில் இடமளிக்கக் காத்திருக்கிறோம்.