பாலக்கோட்டிலிருந்தே கிளம்புகிறது கப்பல்

கப்பலுக்குள் விட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் அந்த அம்மா புளிசாதம் கட்டினார். ராத்திரி பஸ்ஸில் சாப்பிடுவதற்காக. பாதியை மறுநாள் மத்தியானம் துறைமுக வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். கப்பலில் ஏழு வகைக் கறியோடு பந்தி காத்திருந்த நேரம் அது.

கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊர் பாலக்கோடு. பெயரும் துறைமுகமும் எழுத வேண்டாம் என்றார். பதினொரு மணிக்கு ஏற வேண்டும் என்று சீட்டில் போட்டிருந்தது. முந்தின நாள் இரவு பஸ் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து, ஏறும் நேரம் மாலை நான்கு என்று போனுக்குச் செய்தி வந்தது. ஏறியபோது மணி ஏழு. “கடல்ல ஒண்ணும் ஆடலைங்க. கரையிலதான் ஆடிப்போயிட்டோம்” என்றார்.

கோடை சீசனுக்காகக் கப்பல் சுற்றுலா பற்றி எழுதத்தான் தருமபுரிப் பக்கம் விசாரித்தேன். நீச்சல் குளம், மேல்தளம், சூரிய உதயம் எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டன. ஏறுவதற்கு முன் நின்ற கதையைத்தான் மணிக்கணக்கில் பேசினார்கள்.

தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. காலையில் வந்து சேரும் கப்பல் அன்று மாலையே திரும்பிவிட வேண்டும். பழைய பயணிகள் பெட்டியோடு இறங்கி, அறைகளைக் கழுவித் துடைத்த பிறகே புதியவர்கள் ஏற முடியும். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்கிற நிலைதான் அங்கே. அதற்கு மேல் பாஸ்போர்ட், சுங்கம், பெட்டிச் சோதனை. வரிசையில் ஒரு கண்ணி இழுத்தால் கடைசி ஆள்வரை இழுக்கும்.

இதெல்லாம் யாருக்கும் புரியும். ஆனால் அந்தத் தாமதம் யார் தலையில் விடிகிறது? துறைமுக நகரத்துக்காரருக்கு அந்தச் செய்தி வந்தால் இன்னும் ஐந்து மணி நேரம் தூங்குவார். பாலக்கோட்டுக்காரருக்கு வந்தால் ஒன்று ஐந்து மணி நேரப் பிளாட்பாரம், இல்லாவிட்டால் அரை நாளுக்கு முழு வாடகை கேட்கும் லாட்ஜ்.

கடலில்லாத மாவட்டம் தருமபுரி. ஒழுங்காக ரயில் பிடிக்கவே பாதிப் பேர் மொரப்பூர் போக வேண்டும். மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 1906இல் ஓடத் தொடங்கிய குறுகிய பாதை ரயில் 1941இல் நின்றது. புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டியது 2019இல். தூரம் 36 கிலோமீட்டர். காத்திருக்க இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடல் கடப்பதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1965 வரை தருமபுரி, சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. சேர்த்தவர்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, உடம்பைப் பரிசோதித்து, கப்பல் வந்ததும் அனுப்புவார்கள். முகாம் சோற்றுக்கும் கப்பல் சீட்டுக்கும் பணம் கொடுத்தது குடியேற்ற நிதி. மலாயாவில் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணம் அது. கருணை ஒன்றும் இல்லை, ரப்பர் பால் வடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் கப்பலுக்குக் காத்திருக்கும் செலவு கப்பல் ஏறுகிறவனுடையது அல்ல என்று கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. இன்று பல ஆயிரம் கட்டிச் சீட்டு வாங்குகிறவர், காத்திருக்கும் செலவையும் தானே கட்டுகிறார்.

1926இல் கிளாஸ்கோவில் கட்டிய ரஜூலா என்ற கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. நாகையில் அது கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், படகில்தான் போக வேண்டும். அலை பெரிதானால் படகு நகராது. தாமதத்தின் காரணம் ஏறப்போகிறவரின் கண்ணெதிரேயே எழுந்து விழுந்துகொண்டிருந்தது. இன்று கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதே நாகையிலிருந்து 2023 அக்டோபர் 14 அன்று காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். தொடக்க நாளே தள்ளித் தள்ளிப் போய்த்தான் வந்தது. சில நாளில் சேவை நின்றது. 2024 மே 13இல் மறுபடி ஓடும் என்று அறிவித்தார்கள். ஓடியது ஆகஸ்ட் 16இல். சில மணி நேரத்தில் கடந்துவிடும் கடல்தான். தேதி மாறினால் நாகைக்காரர் லீவை ரத்து செய்வார். பென்னாகரத்துக்காரர் பஸ், ரூம், லீவு மூன்றையும் ரத்து செய்ய வேண்டும்.

ஏஜென்டுகளுக்கு வேறு நியாயம் உண்டு: கடலும் சுங்கமும் கடிகாரம் பார்ப்பதில்லை, முந்தின நாளே வந்து தங்குவது பயணியின் பொறுப்பு என்கிறார்கள். சரி. அப்படியானால் அந்த ஒரு நாளையும் விளம்பரத்து விலையில் சேர்த்துப் போடட்டும்.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை. பிலிகுண்டுலுவில் அளந்த தண்ணீர், எத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் வந்துவிடும். ஆற்றுக்கரையில் நின்று ஏமாறாமல், தருமபுரி பஸ் ஸ்டாண்டிலேயே திரும்பிவிடலாம். மூங்கில் பரிசலுக்குக் கிடைக்கிற மரியாதை, பத்து மாடிக் கப்பலுக்குக் கிடைக்கவில்லை.

சீட்டு வாங்கும்போது பாட்டன் பெயர் தவிர எல்லாம் கேட்கிறார்கள். பின்கோடும் கேட்கிறார்கள். 636 என்று தொடங்கினால் அந்த ஆள் முந்தின நாள் இரவே பஸ் ஏறுவார் என்று கண்டுபிடிக்கப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். நேரம் மாறும் செய்தியைப் பஸ் கிளம்பும் முன் அனுப்புங்கள். முடியவில்லையா, புளிசாதத்தை உள்ளே விடுங்கள்.