பனியா, புகையா?

தை மாதத்து விடியலில் புவனகிரி வெள்ளாற்றுப் பாலத்தில் நின்றால், கீழே ஆறு இருப்பதே தெரியாது. நெசவாளர் தெருவில் பாவு நீட்டியதுபோல் கரைக்குக் கரை வெள்ளையாக ஒரு மூட்டம் படுத்துக் கிடக்கும். சிதம்பரம் போகும் பேருந்து முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்தபடி வரும். டீக்கடை பெஞ்சில் “இந்த வருசம் பனி ஜாஸ்தி” என்று பேசிக்கொள்வார்கள். கண்ணுக்கு அது பனிதான். மூக்கு ஒப்புக்கொள்ளாது. பனிக்கு வாசனை கிடையாது. இதில் காய்ந்த தாள் கருகிய நெடி இருக்கிறது. பனியென்றால் வெயில் ஏறியதும் இடம் தெரியாமல் போய்விடும். இதுவோ பத்து மணிக்கும் தொண்டையில் கரகரவென்று உட்கார்ந்திருக்கிறது.

உண்மையில் அது பாதி பனி, பாதி புகை. சம்பா அறுவடையும் கரும்பு வெட்டும் நடக்கும் மாதங்களில் இரவு குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப்போக, அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று பானைமேல் மூடி வைத்ததுபோல் அமர்ந்துகொள்கிறது. சாயங்காலம் யாரோ வயலில் வைத்த தீயின் புகை மேலே போக வழியில்லாமல் அந்த மூடிக்குள்ளேயே சுற்றுகிறது. பனித்துளி புகைத்துகளைப் பிடித்துக்கொள்கிறது. விடிந்ததும் நாம் அதற்குள் கோலம் போடுகிறோம், நடைப்பயிற்சி போகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

மண்ணே எரிந்த கதை

புகை என்ன செய்யும் என்பதை இந்த வட்டாரத்துக்குச் சொல்ல, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். 2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது அவர்கள் கணக்கு. இரண்டே நாளில் மலேசியாவின் மூவார் பகுதியில் குறியீடு 746 ஆனது. அங்கே நெருக்கடி நிலை அறிவித்தார்கள். 2015 செப்டம்பர் 25 அன்று புகைக்காகவே சிங்கப்பூரில் பள்ளிகளை மூடினார்கள். குளிர்சாதன அறையில் இருப்பவர் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். சாரத்தின் மேல் நின்று வேலை செய்பவருக்குச் சாத்த ஜன்னல் ஏது?

இத்தனைக்கும் எரிந்தது சிங்கப்பூர் அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவின் சுமத்ராவில் காடு எரிந்தது. காட்டுக்கு அடியில் மண்ணும் எரிந்தது. அங்குள்ள சதுப்பு நிலம் பல்லாயிரம் ஆண்டுகளாக இலைதழை விழுந்து, முழுக்க மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்தது. நெய்வேலியில் தோண்டி எடுக்கிறோமே பழுப்பு நிலக்கரி, அதற்கு இது தம்பி முறை. இதுபோன்ற மண் புதைந்து, அழுந்தி, கோடிக்கணக்கான ஆண்டு கிடந்தால் அதுவாகும். செம்பனைத் தோட்டத்துக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் இடம் வேண்டி வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும், அந்த மண் அடுப்புக்கரி ஆகிவிட்டது. காட்டை அழிக்க வைத்த தீ மண்ணுக்குள் இறங்கியது. அது கொழுந்துவிட்டு எரிவதில்லை. கனன்று கனன்று வாரக்கணக்கில் புகையும். பெருமழைதான் அதை அணைக்கும்.

தென்கிழக்கு ஆசிய நாடுகள் எல்லை தாண்டும் புகைக்காக 2002இலேயே ஓர் ஒப்பந்தம் போட்டன. எரிகிற நாடான இந்தோனேசியா அதை ஏற்க 2014 ஆயிற்று. அதே ஆண்டு, வெளிநாட்டில் தீ வைத்துத் தன் காற்றைக் கெடுக்கும் நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட வழி செய்து சிங்கப்பூர் சட்டம் இயற்றியது.

2023இல் கனடாவில் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. அந்தப் புகையால் ஜூன் 7 அன்று நியூயார்க் நகரின் வானம் பட்டப்பகலில் ஆரஞ்சு நிறமானது. டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களும் அந்த வாரத்தில் ஜன்னலைத் திறக்கத் தயங்கினார்கள்.

நமக்குக் காட்டுத்தீ என்றால் 2018 மார்ச் 11, தேனி குரங்கணி நினைவுக்கு வரும். மலையேறப் போனவர்களில் 23 பேரை அந்தத் தீ பலிகொண்டது. தீயில் இறந்தவர்களை எண்ணிவிடலாம். புகையில் இறப்பவர்களை அப்படி எண்ண முடியாது. அவர்கள் ஆஸ்பத்திரிக் கணக்கில் மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் மூச்சிரைப்பாகவும் கலந்துவிடுவார்கள். காடும் வயலும் புல்வெளியும் எரிவதால் கெடும் காற்று உலகில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் சாவுகளுக்குக் காரணம் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நம்மைப்போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில்.

‘புகை வைத்த’ குழந்தைகள்

நுரையீரலுக்கு ஊர் பேர் தெரியாது. சுமத்ராவின் காடா, சேத்தியாத்தோப்பின் கரும்புச் சோகையா, பேரூராட்சிக் குப்பையா என்று அது விசாரிப்பதில்லை. எதை எரித்தாலும் புகையில் ஆபத்தான பங்கு நுண்துகள்தான். 2.5 மைக்ரான், அதற்கும் கீழே. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. சாலைப் புழுதியை மூக்கு தடுத்துவிடும், தும்மித் தள்ளிவிடும். நுண்துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய், அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கிறது. அதனால்தான் புகை மூச்சோடு நிற்காமல் இதயத்தையும் மூளையையும், வயிற்றில் இருக்கும் சிசுவையும் தொடுகிறது.

இந்த நுண்துகளின் ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வரையறை. இந்தியத் தரம் 60 வரை விடுகிறது.

பனிக்காலத்தில் குழந்தைகள் மருத்துவரிடம் போய் உட்கார்ந்தால், நெபுலைசர் முகமூடியைப் பிஞ்சு முகத்தில் அழுத்திப் பிடித்தபடி ஓர் அம்மாவாவது இருப்பார். அந்த சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘புகை வைக்கிறது’. ஊரே புகை வைத்ததற்கு ஆஸ்பத்திரியிலும் போய்ப் புகை வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு டன் வைக்கோல்

வைக்கோலை எரிப்பவர் கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். ஆள் வைத்து அறுத்த காலத்தில் அடியோடு அறுத்து, கட்டி, களத்தில் அடித்து, போர் போட்டார்கள். மாடு தின்றது, கூரைக்குப் போனது. இன்று அறுவடை இயந்திரம் தாளைப் பாதியில் வெட்டி, வைக்கோலை வரிசையாக உதிர்த்துவிட்டுப் போகிறது. மழையில்லாமல் காய்ந்தால் கட்டும் இயந்திரம் வந்து சுருட்டும். லாரி ஏறிக் கேரளா வரைக்கும் போகும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வைக்கோல் கறுத்துப்போகும். மாடு முகர்ந்துகூடப் பார்க்காது, வியாபாரி வரமாட்டார். மிச்சமிருப்பது தீப்பெட்டி.

தீப்பெட்டியின் விலை ஒன்றிரண்டு ரூபாய். எரிவதன் விலை வேறு. ஒரு டன் வைக்கோல் எரிந்தால் சுமார் 3 கிலோ துகள், 60 கிலோ கார்பன் மோனாக்சைடு, 1,460 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குப் போகின்றன என்பது வேளாண் ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கூடவே வயல் இழப்பது ஐந்தரைக் கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல்சத்து. அடுத்த போகத்துக்கு உரக்கடையில் வரிசையில் நின்று வாங்கப்போவதும் இதைத்தான்.

உளுந்து காவல் காத்த வயல்

பஞ்சாபில் ஏன் அவ்வளவு எரிக்கிறார்கள்? நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நடவைத் தள்ளிப்போட்டது, அறுவடையும் தள்ளிப்போனது. நெல் அறுத்து, கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கிறது. அதற்குள் தாளை அகற்ற அவர்களுக்குத் தீதான் தோது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் அசையாமல் நிற்க, டெல்லி திணறுகிறது.

நம் கடைமடைக்கு அந்த அவசரம் இருந்ததில்லை. இங்கே அடுத்த பயிர், நெல் நிற்கும்போதே வயலுக்குள் வந்துவிடும். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கையில் மண் மெழுகு பதத்தில் இருக்கும். அப்போது முற்றிய நெற்பயிருக்கு நடுவே உளுந்தையோ பாசிப்பயறையோ கைவீச்சில் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. நெல்லை அறுக்கும்போது தாளுக்கு இடையில் இரண்டிலை விட்டிருக்கும். மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் தைப் பனியையும் குடித்தே வளர்ந்துவிடும். நெல் தரிசுக்கென்றே ஆடுதுறை 3 என்று உளுந்து ரகம் இருக்கிறது. டெல்டாவில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் இந்தச் சாகுபடியை யாரும் காற்று மாசுத் தடுப்புத் திட்டம் என்று சொன்னதில்லை. ஆனால் அந்த வேலையையும் அது சத்தமில்லாமல் செய்துவந்திருக்கிறது. முளைத்து நிற்கும் பயிருக்கு நடுவே யார் தீ வைப்பார்கள்?

கெட்டது இயந்திரம் வந்த பிறகு. அதன் சக்கரம் மிதித்த இடமெல்லாம் முளை நசுங்கிப் போகிறது. அதன் பின்னே குவியும் வைக்கோல் மீதியை அமுக்குகிறது. வெறுத்துப்போனவர் ஒரு வருசம் பயறு தெளிக்காமல் விட்டால், அந்த வயலில் தீ வைக்கத் தடையாக எதுவும் இல்லை.

கரும்புக்கு இப்படியொரு காவலாளியும் கிடையாது. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையைச் சுற்றிய ஊர்களில், வெட்டி முடித்த வயலில் சோகை முழங்கால் உயரம் கிடக்கும். மறுதாம்புக்குக் கட்டை சீவ வேண்டும். சோகையை வாரிப்போட ஆள் கூலி கட்டுபடியாகாது. கொளுத்திவிட்டால் அரை மணியில் வயல் சுத்தம். கரித்துண்டுகள் காற்றில் பறந்து வந்து கொடியில் காயும் வேட்டியில் உட்காரும். கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கரியைத் தட்டிவிடலாம். தெரியாததை மூச்சில் இழுத்திருப்போம். சோகையைத் தூளாக்கி வரிசைக்கு நடுவே மூடாக்காகப் பரப்பும் டிராக்டர் கருவி இருக்கிறது. மண் ஈரம் காக்கும், களையை அடக்கும், மட்கி உரமாகும். சிறு விவசாயி தனியாக வாங்கக்கூடிய விலையில் அது இல்லை. வாடகைக்கு, வெட்டு முடிந்த அதே வாரத்தில் கிடைத்தால்தான் தீப்பெட்டியோடு அது போட்டிபோட முடியும்.

வாளியில் பிடித்த காற்று

எல்லாப் பழியும் வயலுக்கு அல்ல. போகியன்று டயர் எரிக்கிறோம். 2018 போகியின் புகைமூட்டத்தில் சென்னை விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. 2022 ஏப்ரலில் பெருங்குடி, 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் என்று குப்பைமேடுகள் நாள்கணக்கில் புகைந்தன. திறந்தவெளியில் குப்பை கொளுத்தினால் 5,000 ரூபாய், பெருமளவில் கொளுத்தினால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இலேயே உத்தரவிட்டது. தெருமுனையில் காலை ஆறு மணிக்குக் குப்பையோடு பாலித்தீனும் சேர்ந்து எரிவதைப் பார்க்கிறவர்களுக்கு, அந்த உத்தரவு எந்த அலமாரியில் இருக்கிறதோ என்று தோன்றும். பாலித்தீன் எரியும் புகையும் நஞ்சுதான்.

முதலில் வேண்டியது அளவு. இதில் நம் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் நாற்றத்தைப் புகார் செய்தால் ஆதாரம் கேட்டார்கள். 2004இல் அந்தச் சுற்றுவட்டார ஊர்மக்கள் சிலர் சேர்ந்து சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன வாடை என்று குறித்துவைத்தார்கள். மூக்கு சொன்னதைத் தாள் சொன்னபோதுதான் அது பேசுபொருள் ஆனது. இன்று கையடக்கக் கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒன்று மாட்டி, தை முழுக்க எண்ணைக் கரும்பலகையில் எழுதிவந்தால் போதும். டீக்கடையில் பனியா, புகையா என்ற வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

அதுவரைக்கும் சில காரியங்கள் கைவசம் உண்டு. நெடி அடிக்கும் காலையில் நடைப்பயிற்சியை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் இறைவணக்கத்தை வகுப்புக்குள் நடத்தலாம். முகத்தில் கட்டும் துண்டு கரியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. அதற்கு என்95 முகக்கவசம்தான். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை அலமாரியில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் குடை பிடிக்கிற வேலை. மழையை நிறுத்துகிற வேலை வயலில் இருக்கிறது. ‘எரிக்காதீர்கள்’ என்று துண்டறிக்கை கொடுப்பதைவிட, முளையை நசுக்காத வகையில் அறுக்க வழி, அறுத்த வாரத்திலேயே வந்து நிற்கும் கட்டும் இயந்திரம், நேரத்துக்குக் கைக்கு வரும் உளுந்து விதை ஆகிய மூன்றும் கிடைத்தால் தீப்பெட்டி தானாகவே அடுப்படிக்குத் திரும்பிவிடும். வெள்ளாற்றுப் பாலத்தில் நின்று இரு பக்கமும் பாருங்கள். இரண்டிலை விட்ட பயிர் பச்சையாகத் தெரிகிற பக்கத்திலிருந்து வருவது பனி.