பின்னேரம் ஐந்து மணி

குடியை விட்டவனுக்கு இரவுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குப் பின்னேரம் ஐந்து மணி. மேசன் வேலை அந்த நேரத்துக்குத்தான் முடியும். கை கால் கழுவி, கரண்டியையும் தூக்குக்குண்டையும் சாக்கில் சுற்றிக் கரியரில் வைத்தால், சைக்கிள் தன்பாட்டில் தவறணைப் பக்கம் திரும்பும். ஏறக்குறைய இருபத்தைந்து வருசம் அது வழி தவறியதில்லை.

தொடக்கத்தில் பிளாவில் கள்ளு. உடம்பு அலுப்புக்கு என்று சொல்லிக்கொண்டோம். பிறகு கள்ளு காணாமல் போய், சாராயம் வந்தது. நாற்பத்தைந்து வயதில் காலையில் கை ஆடத் தொடங்கியது. நூல் பிடிக்கிறவனுக்குக் கை ஆடக்கூடாது. ஆடாமலிருக்க விடியவே ஒரு கால் போத்தல். போயாவுக்குக் கடை பூட்டு என்பதால் முதல்நாளே வாங்கி ஒளித்துவைப்பேன். கடைசியில் நான் கட்டின மதில் ஒன்று சரிந்து நின்றது. அதோடு பெரிய மேசன் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

போர்தான் குடிக்கவைத்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் இரங்குவார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டிப் போன சனத்தில் நானும் ஒருவன். ஆனால் அந்தப் பாலத்தைக் கடந்த எத்தனையோ பேர் ஒரு சொட்டும் தொடவில்லை. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வேறொன்றை எழுதியிருக்கிறார். போர் தனிமனிதரை மட்டுமல்ல, ஊர், உறவு என்ற பின்னலையும் காயப்படுத்தியது என்பது அவர் கருத்து. என் விசயத்தில் அது பொருந்தும். இடம்பெயர்ந்து திரும்பியபோது, வெறியில் ஆடுகிறவனைக் காதைப் பிடித்து வீட்டில் விடுகிற பெரியவர்கள் ஒழுங்கையில் குறைந்துபோயிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் குடிகாரன் வீடிழக்கிற விதம் கொஞ்சம் வேறு. இங்கே வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வருவது. தேசவழமைச் சட்டப்படி அது அவளுடைய சொத்து. என் மனைவி பிள்ளைகளோடு எங்கும் போகவில்லை. நான்தான் படலைக்கு வெளியே வந்தேன். அவள் செய்தது சரி.

2016 இல் நல்லூர்த் திருவிழா நடந்த இருபத்தைந்து நாளும் எனக்குக் குறையிருக்கவில்லை. தண்ணீர்ப்பந்தல், அன்னதானம், வீதி மணலில் படுத்தாலும் பக்தன் என்றே நினைப்பார்கள். வைரவர் மடையோடு எல்லாம் முடிந்தது. பிறகு பஸ் நிலைய வாங்கு. அங்கிருந்து தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. அன்னதானக் கந்தன் என்று பெயரெடுத்த கோவில், மடங்களில் யாரென்று கேட்காமல் இலை போடுவார்கள். சோறு கிடைத்தது, குடிக்கக் காசில்லை. நல்லதுதானே, இப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு என்னைக் கொல்லப் பார்த்தது. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் மடத்துச் சுவரில் மீன் நீந்தியது. கையால் பிடிக்கப் போனேனாம். மடத்திலிருந்தவர்கள் வாகனம் பிடித்து ஏற்றினார்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவில்தான் எனக்கு நினைவு தெளிந்தது.

அங்கே ஒரு டொக்டர் விளங்கப்படுத்தினார். மது மூளையை அமத்தி வைக்கிறது. வருசக்கணக்காகக் குடித்தவனின் மூளை அந்த அமத்தலை எதிர்த்து எந்நேரமும் முறுக்கேறி நிற்கப் பழகிவிடுகிறது. திடீரென்று மதுவை எடுத்தால் முறுக்கு மட்டும் மிஞ்சும். நடுக்கம் சில மணித்தியாலத்திலேயே தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். சன்னி இரண்டாம் மூன்றாம் நாளில் வரும், உயிரையும் எடுக்கும். அதனால் டயசிபாம் போன்ற குளிசையைக் கூட்டிக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைப்பார்கள். விற்றமின் பி1 ஊசியும் போடுவார்கள். அது குறைந்தால் மூளை பழுதாகும். கோவிலில் சத்தியம் செய்து ஒரே நாளில் விடுகிறவர்களை மெச்சுகிறோம். கனக்கக் குடித்தவன் முதலில் டொக்டரிடம் போய்விட்டுச் சத்தியம் செய்யட்டும்.

டைசல்பிரம் என்று ஒரு குளிசை உண்டு. அதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, சத்தி வரும். சில வீடுகளில் குடிகாரனுக்குத் தெரியாமல் கறிக்குள் கலக்கிறார்கள். தாய்மாரின் தவிப்பு விளங்குகிறது. ஆனாலும் கூடாது. தெரியாமல் சாப்பிட்டவன் வழக்கம்போல் குடித்தால் செத்தும் போகலாம்.

மூன்று கிழமையில் உடம்பு தேறியது. 'எங்கே போறீங்கள்?' என்று தாதி கேட்டா. கொழும்புத்துறை என்றேன், விலாசம் சொல்ல வாய் வரவில்லை.

வீடில்லாதவரை எங்கள் ஊர் அறியாததில்லை. யோகர் சுவாமி இலுப்பை மரத்தடியில் இருந்ததும், பிறகு கொட்டிலில் வாழ்ந்ததும் இங்கேதான். அவரோடு என்னைச் சேர்த்துச் சொன்னால் பெரியம்மா அகப்பைக் காம்பால் அடிப்பா. அந்தப் பெரியம்மாதான் விறகு வைக்கிற கொட்டிலை ஒதுக்கித் தந்தா. இங்கே இருக்கும்வரை குடிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கவில்லை. பேணியில் அரைவாசிதான் பிளேன்ரீ ஊற்றுவா. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். நடுங்குகிற கைக்கு அதுதான் அளவென்று ஒரு கிழமை கழித்துத்தான் விளங்கியது.

சனசமூக நிலையச் செயலாளர் வந்து, 'அண்ணை, காசு தரமாட்டம். திறப்புத் தாறம்' என்றார். ஐந்து மணிக்கு வாசிகசாலையைத் திறந்து, மேசை துடைத்து, உதயன் பேப்பரை விரித்து, எட்டுக்குப் பூட்ட வேண்டும். சம்பளம் இல்லை. என்னைப்பற்றி யாரிடம் என்ன விசாரித்தாரோ, நேரத்தை மட்டும் துல்லியமாகப் பிடித்திருந்தார். தவறணை நிரம்புகிற அந்த மூன்று மணித்தியாலமும் என் இடுப்பில் திறப்பு இருந்தது. நான் வராவிட்டால் ஓ.எல். படிக்கிற பெடியள் படியில் குந்தியிருப்பார்கள். களங்கண்டிக்குப் போய்வந்த சம்மாட்டி ஒருவர் பேப்பர் பார்க்கிற சாட்டில் தினமும் என் வாயை மணந்துபார்த்தார். அதுவும் உதவிதான்.

அடுத்த வருசம் ஒரு கலியாண வீட்டில் மறுபடி குடியில் விழுந்தேன். நாலு நாள். ஐந்தாம் நாள் திறப்பைக் கொண்டுபோய்ச் செயலாளரின் விறாந்தையில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. 'இண்டைக்கும் ஐஞ்சு மணிதான்' என்றார். தெல்லிப்பழை மருந்துக்குச் சமமாக அந்த ஒரு வசனத்தை வைப்பேன்.

ஊரையும் மருத்துவத்தில் சேர்த்துக்கொண்டவர்கள் வேறிடத்திலும் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தபின் 1980 இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அவரது குழு மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய், ஊராரின் ஆதரவோடு பதினைந்து நாள் முகாம் நடத்தியது. குடிகாரனை ஊருக்குள்ளேயே வைத்து மருத்துவம் செய்தால், அவன் திரும்பிப்போகிற இடமும் சேர்ந்து பழகிக்கொள்கிறது. வீடில்லாதவருக்கு, குடியை விட்டால்தான் கூரை என்று நிபந்தனை போடாமல் முதலில் கூரையைக் கொடுக்கும் வழக்கம் 1992 இல் நியூயோர்க்கில் தொடங்கி, பின்னர் பின்லாந்தின் அரச கொள்கையானது. பெரியம்மாவுக்குப் பின்லாந்து எந்தப் பக்கம் என்றும் தெரியாது.

மனைவியிடம் நான் திரும்பவில்லை. சின்ன மகள் சிலவேளை வாசிகசாலைக்கு வந்து பேப்பர் பார்ப்பாள், 'அப்பா' என்று கூப்பிடுவாள். மதில் வேலைக்கு இப்போது போகிறேன். தூக்குக்குண்டு நேராக நிற்கிறது.

போன மாதம் ஒரு பெடியன், முப்பது வயதிருக்கும், மூன்று நாளாகக் கடைசிக் கதிரையில் வந்து இருந்தான். பேப்பரைப் பிடித்திருந்தான், தாள் சரசரத்துக்கொண்டே இருந்தது. 'எப்ப கடைசியா எடுத்தனி?' என்றேன். 'காலமை, அண்ணை. இனி இல்லை.' 'அப்பிடித் திடீரெண்டு விடாத தம்பி. விடிய முதல் பஸ்ஸில தெல்லிப்பழைக்குப் போவம். நான் வாறன்.'

அவனைக் கொட்டிலுக்குக் கூட்டிவந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. பேணியை எடுத்து அரைவாசிக்கு ஊற்றினேன்.