உவமையும் மெய்ப்பொருளும்

சொல் என்பது கண்ட பொருளுக்கு மனிதன் இட்ட குறி. மரம், மலை, பசு, பால் என்னுஞ் சொற்கள் கண்ணுங் கையும் நாவும் அறிந்தவற்றைச் சுட்ட எழுந்தவை. பொறிகளுக்கு எட்டாத பொருளைச் சொல்லப் புகும்போது, அப்பொருளுக்கென்று பிறந்த சொல் மொழியில் இல்லாமை புலனாகும். பேசாதிருத்தல், அன்றி வேறொன்றிற்கு உரிய சொல்லைக் கடன்வாங்கிப் பேசுதல் என்னும் இரண்டே வழிகள் அப்போது எஞ்சும். உலகத்துச் சமய நூல்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியையே மேற்கொண்டன. அக்கடனே உவமை, உருவகம், குறியீடு, புராணக் கதை எனப் பலவாறு விரிகின்றது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மைந்தனாகிய சுவேதகேதுவை அழைத்து, நீரில் உப்பையிட்டு மறுநாட் காலை வருமாறு பணிக்கின்றார். மறுநாள் உப்பைத் தேடியெடுக்கச் சொன்னபோது மைந்தனாற் காண இயலவில்லை. மேலும் நடுவும் அடியுமாக நீரைச் சுவைத்துப் பார்த்தபோது எங்கும் உப்பே இருந்தது. எங்கும் நிறைந்தும் காணப்படாத பொருள் ஒன்று உண்டென்பதை இதனினும் எளிதாகக் காட்டுதல் அரிது. இங்கு உவமை சொல்லளவில் நிற்கவில்லை. மாணாக்கனின் நாவே அதனை அறிந்துகொண்டது.

தமிழர் உவமையை அணியென்று மாத்திரம் கருதினாரல்லர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் உவமவியல் எனத் தனியோர் இயலே வகுத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் உவமை தோன்றும் வகைகள் என்றார். முகத்தை மதியோடு ஒப்பிடும்போது ஒளியும் வட்டமுமே கொள்ளப்படும். மதியின் களங்கமும் தேய்வும் தள்ளப்படும். இதனை ஒருபுடை உவமை என்பர் உரைகாரர். இவ்விதியை மறந்தவர் கவிதையிற் பிழைப்பட்டால் நகைப்பிற்கு இடமாவர். சமயத்திற் பிழைப்பட்டாலோ கொள்கையே திரிந்துவிடும்.

உவமையைத் தெரிந்தெடுப்பதிலேயே ஒரு சமயத்தின் உள்ளக் கிடக்கை வெளிப்படும். மாயாவாதிகள் கயிற்றில் தோன்றும் பாம்பை எடுத்தாளுவர். விளக்கு வந்தவுடன் பாம்பு இல்லையாய் ஒழிகின்றது; அவ்வாறே ஞானம் வந்தவுடன் உலகத் தோற்றமும் ஒழியும் என்பது அவர் கருத்து. சைவ சித்தாந்திகளோ குடத்தையும் குயவனையும் எடுப்பர். மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். குடம் உடையினும் மண் இல்லையாவதன்று. ஆகவே உலகம் பொய்த்தோற்றமன்று, மாயையினின்று இறைவனாற் படைக்கப்பட்ட உள்பொருள் என்பது அவ்வுவமையாற் பெறப்படும். கயிறும் பாம்பும், குடமும் குயவனும் என்னும் இவ்விரண்டனுள் எதனை ஒருவர் கையிலெடுக்கின்றாரோ, அதனோடு ஒரு தத்துவம் முழுவதும் உடன்வந்து விடுகின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டதேவர் பன்னிரண்டு சூத்திரங்களையும் நாற்பதே அடிகளில் அமைத்தார். அவற்றை விளக்கும்போது மேற்கோள், ஏது என்பவற்றோடு அமையாமல், எடுத்துக்காட்டு வெண்பாக்களையும் உடன் வைத்தார். தருக்க முறையிற் செல்லும் அந்நூலில் எடுத்துக்காட்டிற்கு இத்துணை இடங் கொடுக்கப்பட்டமை கருதத்தக்கது. உவமை ஆங்குக் கேட்போரை மகிழ்விக்க வந்ததன்று. அளவையின் ஓர் உறுப்பாகவே வந்தது. வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசிளங்குமரனுக்குத் தந்தையே வந்து உண்மையுணர்த்துவதுபோல, ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்த உயிருக்கு இறைவன் குருவாய் வந்து உணர்த்துகின்றான் என எட்டாஞ் சூத்திரத்தில் அமைந்த உருவகம் இதற்குச் சான்று. குமரன் புதிதாக அரசமகன் ஆகவில்லை. முன்னும் அவன் அரசமகனே. அறியாமை ஒன்றே இடையில் நின்றது. ஞானம் என்பது இல்லாத ஒன்றை ஈட்டுதலன்று என்னும் நுண்பொருளை இக்கதை ஒரு நொடியில் உணர்த்திவிடுகின்றது.

உவமையை ஆண்ட ஆசிரியர்களே அதன் எல்லையையும் நன்கு அறிந்திருந்தனர். பதினான்காம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஆணவ மலத்தை இருளென்றார். என்றபின், அவ்வுவமை போதாதென்றும் தாமே காட்டினார். இருள் ஏனைப் பொருள்களை மறைத்தாலும் ‘இஃது இருள்’ எனத் தன்னையாயினும் அறியச் செய்யும். ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். செருக்குடையான் தன் செருக்கை அறியான் என்பது அன்றாட அனுபவம். உவமையை முன்வைத்து, அது பொருளிடத்துத் தோற்குமிடத்தைச் சுட்டி, அத்தோல்வியினாலேயே பொருளை விளக்கியது அவர்தம் புலமை.

அந்நூலிலேயே இன்னும் வியக்கத்தக்க உவமையொன்று உண்டு. வீடுபேற்றில் உயிரும் இறைவனும் ஒன்றோ இரண்டோ என்னும் வினா நெடுங்காலம் வாதிகளை வருத்தியது. ஒன்றெனின் இன்பம் துய்ப்பான் ஒருவன் வேண்டாவோ என்பர். இரண்டெனின் கலப்பு எங்ஙனம் என்பர். உமாபதி சிவாசாரியார் இதற்கு உலகப் பொருள் எதனையும் உவமையாக எடுக்கவில்லை. தமிழ் இலக்கணத்தையே எடுத்தார். ‘தாள்’ என்பதும் ‘தலை’ என்பதும் புணருமிடத்துத் ‘தாடலை’ என ஒரு சொல்லாய் நிற்கும். ளகர மெய்யும் தகரமும் தனித்தனியே செவிக்குப் புலனாகா. டகரம் ஒன்றே ஒலிக்கும். ஆயினும் தாள் என்னும் பொருளும் தலை என்னும் பொருளும் கெட்டொழியவில்லை. ஒலியால் ஒன்று, பொருளால் இரண்டு. தெரிந்தெடுத்த சொற்களும் வாளா வந்தவையல்ல: தாள் இறைவனுடையது, தலை அதனை ஏற்கும் அடியவனுடையது. அத்துவிதம் என்னும் வடசொற்குச் சைவர் கொண்ட பொருளை, நன்னூல் பயின்ற சிறுவனும் உணரத்தக்க புணர்ச்சி விதியொன்றில் அடக்கியமைக்கு ஒப்பானது பிறிதொன்று காண்டல் அரிது. இதனை வேறு மொழியில் பெயர்க்கவும் இயலாது. பெயர்த்தால் தாளும் தலையும் வரும், புணர்ச்சி வாராது.

அகப்பொருள் நெறியும் அடியார் கைப்பட்டு இத்தகைய பணி புரிந்தது. மாணிக்கவாசகர் அருளிய திருக்கோவையார் நானூறு செய்யுட்களும் தலைவன் தலைவியரின் களவுங் கற்பும் பற்றியன. அதனை இலக்கியமாகவே வைத்துப் பேராசிரியர் உரை கண்டார். தலைவனை உயிராகவும், தலைவியைச் சிவமாகவும், தோழியைத் திருவருளாகவும் கொண்டு பேரின்பப் பொருள் காண்பாரும் உளர். காதலின் தவிப்பும் பிரிவின் துயரும் மனிதர் எல்லாரும் அறிந்தவையாதலின், கடவுட் காதலுக்கு அவற்றினும் பொருத்தமான கடன்சொல் கிடைப்பதரிது. தில்லைவாழ் அந்தணர் மாணிக்கவாசகரை அணுகி அவர் பாடல்களின் பொருள் யாதெனக் கேட்டபோது, அவர் அம்பலத்தை அடைந்து கூத்தப்பிரானைச் சுட்டி, இவனே பொருளென்று கூறி மறைந்தார் என்பது வரலாறு. பாட்டின் பொருளாக மற்றொரு சொல்லை அவர் தரவில்லை.

அங்ஙனம் சுட்டப்பட்ட வடிவமும் ஒரு மொழியே. துடி படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்குமென மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்திற் கூறினார். பொலன்னறுவைச் சிவாலயங்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டுக் கொழும்பு நூதனசாலையை அடைந்த கூத்தபிரான் படிமங்களைக் காண்போர் இவ்வைந்தொழிலையும் உலோகத்திற் படிக்கலாம். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918 இல் வெளியிட்ட தமது கட்டுரைத் தொகுதிக்குச் சிவநடனத்தின் பெயரையே சூட்டி, இவ்வடிவத்தின் பொருளை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்தார்.

புராணத்தில் இச்சிக்கல் மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துப் பாதிரிமார் புராணக் கதைகளைச் சொற்படியே எடுத்துப் பழித்தனர். ஆறுமுக நாவலர் (1822–1879) பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிற்கு உதவியவராதலின், அந்நூலை நன்கறிவார். 1854 இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவர்பாற் பழிக்கப்பட்ட வழிபாட்டு முறைகளுக்கு ஒத்தவை விவிலியத்திலும் உளவெனக் காட்டினார். உவமைக் கதைகளால் உபதேசித்த ஒருவரைப் பின்பற்றுவோர் பிறருடைய உவமைகளை மாத்திரம் பொய்யெனல் முறையாகுமா என்னும் வினா இன்றும் நிற்கின்றது.

எனினும், இக்காலத்தார் சிலர் எதிர்ப்புறத்தே தவறுகின்றனர். புராணத்தில் வரும் ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு படைக்கலமும் ஏதேனும் ஒரு தத்துவமேயெனக் கணக்கிட்டுக் காட்டுவது அவர் வழக்கம். அங்கும் ஒருபுடை உவமை என்னும் விதி செல்லுமென்பதை அவர் கருதுவதில்லை. கதையைத் தோலென்று உரித்தெறிந்தபின் கையில் எஞ்சுவது ஓர் அட்டவணை. அதனைக் கேட்டு எவரும் கண்ணீர் உகுத்ததில்லை.

கந்தபுராணத்திற் சூரபதுமன் ஆணவமும், சிங்கமுகன் கன்மமும், தாரகன் மாயையும் ஆவர் என்பது பெரியோர் கொண்ட பொருள். அதனை ஏற்போர் கதையின் முடிபைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கடல் நடுவே மாமரமாய் நின்ற சூரனை வேல் இருகூறாக்கியது. கூறுகள் மயிலும் சேவலுமாகிச் சினந்து வந்தன. கச்சியப்ப சிவாசாரியார் அவற்றைக் கொல்வித்தாரல்லர். இறைவன் திருநோக்கால் ஒன்று ஊர்தியாயிற்று; மற்றொன்று கொடியாயிற்று. முத்தியிலும் ஆணவம் அழிந்தொழிவதில்லை, அதன் வலியே அடங்கும் என்பது சித்தாந்தம். நூல்கள் தருக்கத்தால் நிறுவும் இதனை, ஐப்பசி மாதத்துக் கந்தசட்டியன்று கோயில் வீதியில் தந்தையின் தோளிலிருந்து சூரன்போர் பார்க்குங் குழந்தை, தலைகள் ஒவ்வொன்றாய் மாறி, மாமரம் தோன்றி, ஈற்றில் மயிலும் சேவலும் வரக் காண்கின்றது.