இரண்டு கார்டும் ஒரு லூப் லைனும்

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தருகிறேன் என்று பேரனிடம் சொல்லி வைத்திருந்தேன். பயல் வாங்கிவிட்டான். "விளையாட்டுக்குப் போய் இவ்வளவு செலவாப்பா?" என்று மகள் முறைத்தாள். பென்ஷன்காரன் சொன்ன சொல் மாறலாமா?

நேரு பிளேஸுக்குக் கிளம்பும் முன் இரண்டு பெயர்களை எழுதி நீட்டினான்: என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070. இரண்டும் 2025 மார்ச்சில் வந்தவை. அறிவித்த விலையும் ஒன்றே, 549 டாலர். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் என்விடியாதான் தாத்தா" என்றான். இது ஒரு காரணமா?

"எந்தத் திரையில் விளையாடுவாய்?" என்று கேட்டேன். ஹாலில் இருக்கும் 4கே டிவியாம். சங்கதி அங்கேதான் இருக்கிறது. அவனுடைய பழைய மானிட்டரில் சுமார் 21 லட்சம் புள்ளிகள்; 4கேயில் 83 லட்சம். நாலு மடங்கு வேலை.

5070இல் மெமரி 12 ஜிபி; 9070இல் 16. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது, நமக்கு வழிவிட்டு சரக்கு வண்டி லூப் லைனில் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லூப்பைவிட வண்டி நீளமாக இருந்தால் வால் மெயின் லைனில் நிற்கும். பின்னால் வரும் வண்டியெல்லாம் நின்றுவிடும். கார்டு மெமரியும் அப்படித்தான். 5070 தன் மெமரியிலிருந்து நொடிக்கு 672 ஜிபி எடுக்கும். மெமரி நிரம்பி வழிந்தால் கம்ப்யூட்டரின் பொது மெமரிக்கு ஓட வேண்டும். பேரனுடைய மதர்போர்டில் அந்த வழி நொடிக்கு சுமார் 32 ஜிபிதான். படம் திக்கித் திக்கி ஓடும். சராசரி வேகக் கணக்கில் இது சரியாகத் தெரியாது.

பேரனும் விடவில்லை. ஒளிப் பிரதிபலிப்பு காட்டும் ரே டிரேசிங்கில் என்விடியா கைதேர்ந்தது. சின்னப் படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் அதிக விளையாட்டுகளில் இருக்கிறது என்றான். நியாயம்தான். ஆனால் ரே டிரேசிங்கும் மெமரியில் இடம் கேட்கும். 37 லட்சம் புள்ளி உள்ள 1440 மானிட்டராக இருந்திருந்தால் அவன் பக்கமே சாய்ந்திருப்பேன்.

கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கேபினட்டைத் திறந்தேன். எஸ்எம்பிஎஸ் 450 வாட். இரண்டு கம்பெனியும் கேட்பது 650! இதை அவனும் பார்க்கவில்லை, யோசனை சொன்ன நண்பர்களும் பார்க்கவில்லை. உள்ளே எவ்வளவு நீளத்துக்கு இடம் என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டேன். அளவு பார்க்காமல் வண்டியைத் தண்டவாளத்தில் விட்டுப் பழக்கமில்லை.

9070ஐ வாங்கினோம். புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கான பணத்தில் பாதியைத் தன் பொங்கல் காசிலிருந்து அவனே எடுத்துத் தந்தான். இப்போது ஹால் டிவி அவன் வசம். இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் பாட்டியின் சீரியலுக்கு என்று ஒப்பந்தம்.