பழைய காருக்குள் ஒளிந்து வரும் தூசி

ஆஸ்திரேலியாவின் பெரிய நகரங்களை அடுத்த புறநகர்ப் பகுதிகளில், பகலெல்லாம் குழாய் வேலையோ மின்சார வேலையோ பார்த்துவிட்டு, மாலையிலும் விடுமுறை நாட்களிலும் வீட்டுக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டு, அறுபது வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் உற்பத்தியான ஒரு மஸ்டாங் காரையோ சார்ஜர் காரையோ திருகு திருகாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பட்டி பூசி, வர்ணம் அடித்து, அதற்கு மறுபடியும் யௌவனத்தை அளிப்பதையே பரம சந்தோஷமாகக் கருதும் மனிதர்கள் ஏராளம். அவ்விதமான கார்கள் பல, கலிபோர்னியாவிலோ அரிசோனாவிலோ விலைக்கு வாங்கப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துத் துறைமுகங்களில் சரக்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டு, பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து மெல்போர்னிலும் பிரிஸ்பேனிலும் வந்து இறங்குகின்றன. இந்த மோகத்தின் வசீகரத்தைப் பற்றி எழுதவேண்டும் என்பது பத்திரிகை ஆசிரியரின் கட்டளை. வசீகரத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் விஷயத்தைத் துருவத் துருவ என் மனம் குதிரைத் திறனை விட்டு விலகி, பிரேக் டிரம்முக்குள் கிடக்கும் ஒரு சிட்டிகைத் தூசியிடமே போய் நின்றுவிட்டது.

வசீகரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964-இல் மஸ்டாங் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் அரங்கேறியதும், அதே வருஷத்து மாடலாக 6.4 லிட்டர் எஞ்சினைச் சுமந்துகொண்டு ஜி.டி.ஓ. என்ற கார் வீதிக்கு வந்ததும், 1970-இல் ஷெவெல் என்ற கார் ஒன்று அந்நாளையக் கணக்கில் 450 குதிரைத் திறன் என்று மார்தட்டிக்கொண்டதும், பிறகு காற்று மாசுச் சட்டமும் இன்ஷூரன்ஸ் கட்டண உயர்வும் 1973-இன் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்து அந்த ஆர்ப்பாட்டத்தை அடக்கிவிட்டதும் கார் அபிமானிகளுக்கு மனப்பாடமான சரித்திரம். மிஷிகன், ஒஹையோ போன்ற வடபுலங்களில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு, காரின் தரைத் தகட்டை அரித்துத் தின்றுவிடும் என்பதால், வறண்ட தென்மேற்கு ராஜ்யங்களின் வண்டிக்கே விலை அதிகம் என்பதும் அவர்கள் அறிந்ததுதான். துருவைப் பற்றி இத்தனை ஜாக்கிரதையாக இருக்கும் இவர்கள், தூசியைப் பற்றி ஏன் அவ்விதம் இருப்பதில்லை என்பதே என் கவலை.

2021-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த சட்டப்படி, 25 வயது நிரம்பிய எந்தக் காரையும் ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டு வர அனுமதி கேட்கலாம். அந்த அனுமதிச் சீட்டு கைக்கு வருவதற்கு முன் காரைக் கப்பலில் ஏற்றுவது புத்திசாலித்தனம் அல்ல. சக்கரத்து மடிப்பில் ஒட்டிய அயல்நாட்டு மண்ணும் இருக்கைக்கு அடியில் கிடக்கும் விதையும் கூட அந்நாட்டில் குற்றமாகையால், காரைக் கழுவித் துடைத்துத்தான் அனுப்பவேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பது ஒரு பெரிய தடை அல்ல. 30 வயதைக் கடந்த வண்டிகளுக்கு அந்த விஷயத்தில் பொதுவாகச் சலுகை உண்டு. இவையெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் தீர்ந்துபோகிற காரியங்கள். தீராத காரியம் ஆஸ்பெஸ்டாஸ்.

நம் ஊரில் கூரைத் தகடாக எல்லோருக்கும் பரிச்சயமான அந்தக் கல்நார், அந்நாளையக் கார்களில் எங்கெல்லாம் குடியிருந்தது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இரண்டு டன்னை எட்டக்கூடிய வண்டியை அசுர வேகத்திலிருந்து நிறுத்தவேண்டிய பிரேக் லைனிங், உராய்வினால் எழும் சூட்டில் கருகிப் போகாமல் இருப்பதற்காக, கல்நார் இழையைப் பிசினோடு பிசைந்து செய்யப்பட்டது. கிளட்ச் பிளேட்டின் முகப்பும் அவ்விதமே. எஞ்சின் தலைப்பகுதிக்கும் புகைக்குழாய்க்கும் இடையிலே வைக்கும் கேஸ்கட்டுகள், சூடு தடுக்கும் அட்டைகள், சில வண்டிகளில் தகட்டின் அடிப்புறத்தில் சத்தத்தை அடக்கப் பூசிய கறுப்புப் பசை ஆகிய இவற்றிலும் அது உண்டு. ‘மஸில் கார்’ எனப்படும் அந்தக் காலத்துப் பெரிய எஞ்சின் வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் இருப்பதே சாதாரண வழக்கமாகையால், லைனிங் தேயத் தேய விழும் பொடி வெளியே பறந்து போகாமல் டிரம்முக்குள்ளேயே வருஷக் கணக்கில் தங்கிவிடுகிறது. காரைக் கழற்றுகிறவன் முதன்முதலாகத் திறப்பதும் அதைத்தான்.

ஆஸ்திரேலியா 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 31 முதல் ஆஸ்பெஸ்டாஸை அறவே தடை செய்துவிட்டது. இத்தனை சதவிகிதம் வரை இருக்கலாம் என்ற சலுகையும் அந்தத் தடையில் கிடையாது. 2017 வாக்கில் துறைமுகச் சோதனை கடுமையானபின், பழைய கார் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உரிய பொருளாகிவிட்டது. காரில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைக் கொண்டு வந்தவன் தலையில் விடிகிறது. நிரூபிக்க முடியாவிட்டால் வண்டி துறைமுகத்துக் கிடங்கில் வாடகை ஏற ஏறக் காத்திருக்க, நிபுணர் ஒருவர் வந்து எஞ்சினைப் பிரித்து, கேஸ்கட்டில் துணுக்குகளைக் கத்தரித்து, சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார். கலிபோர்னியாவில் பெரும் பணம் செலவழித்து எஞ்சினைப் புதிதாகக் கட்டி, கண்ணாடி போல வர்ணம் பூசி, ‘முழுதும் தயார்’ என்று நம்பி அனுப்பியவருக்கு அதன் வயிற்றை மறுபடியும் கிழிப்பது எத்தனை வேதனை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பரிசோதனைச் செலவும், ஆஸ்பெஸ்டாஸை அகற்றும் செலவும், கிடங்கு வாடகையும் அவருடையவையே.

ஆறு கேஸ்கட்டுக்காக ஒரு சரித்திரச் சின்னத்தைக் குலைப்பது அநியாயம் என்றும், ஆடாமல் அசையாமல் எஞ்சினுக்குள் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் யாருக்கும் தீங்கு செய்வதில்லை என்றும் அபிமானிகள் வாதிக்கிறார்கள், இருக்கலாம். ஆனால் ஆடாமல் அசையாமல் வைத்திருப்பதற்காக யாரும் பழைய காரை வாங்குவதில்லை, கழற்றுவதற்கென்றே வாங்குகிறார்கள்.

அந்நாட்டின் பிடிவாதத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பிரதேசத்தில் இருந்த விட்டனூம் என்ற ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நீல ஆஸ்பெஸ்டாஸை வெட்டிய சுரங்கம் 1966-இல் மூடப்பட்டது; சுரங்கக் கழிவைச் சாலைக்கும் பந்தய மைதானத்துக்கும் பள்ளிக்கூட முற்றத்துக்கும் கூடப் பரப்பியிருந்தார்கள்; குழந்தைகள் அதன் மீது விளையாடினார்கள். அங்கே வேலை செய்தவர்களும் வசித்தவர்களுமாக 2,000-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பெஸ்டாஸ் தந்த வியாதிகளால் பிற்காலத்தில் மாண்டார்கள். சுமார் 30 லட்சம் டன் கழிவு இன்னும் அந்தப் பள்ளத்தாக்குகளில் கிடக்கிறது. 2007-இல் ஊர் என்ற அந்தஸ்தையே அதனிடமிருந்து பறித்துவிட்டார்கள். அந்த அனுபவம் உள்ள தேசம், சுண்டுவிரல் அளவு கேஸ்கட்டைக் கண்டு மிரளுகிறது என்று பரிகசிப்பவர்களிடம் எனக்கு அனுதாபம் இல்லை.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே 1989-இல் அரசு விதித்த தடையின் பெரும்பகுதியை 1991-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. மறுபடி 2024-இல்தான் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குப் பூரணத் தடைக்கு வழி செய்யும் விதி பிறந்தது. ஆகையால் ‘பிரேக்கையெல்லாம் போன வருஷம்தானே மாற்றினோம்’ என்று அங்குள்ள வியாபாரி சொல்வது சத்தியமாகவே இருந்தாலும், அந்தப் புதிய லைனிங்கும் தூய்மையானது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இதனால், கப்பல் ஏறுவதற்கு முன்பே கலிபோர்னியாவில் வைத்து எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றிவிடுவதே உத்தமம் என்று அனுபவஸ்தர்கள் உபதேசிக்கிறார்கள், உபதேசம் சரியானதே. பிடுங்குகிறவன் யார் என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை. ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் அந்த வேலையைச் செய்பவர் முகக்கவசமும் தூசித் தடுப்பு உடையும் தரித்த, உரிமம் பெற்ற நிபுணர். கடல் தாண்டி, ஏதோ ஒரு பணிமனையில், காலம் குறுகிய ஒப்பந்தத்தில், தினக்கூலிக்கு டிரம்மைக் கழற்றும் தொழிலாளியிடம் அவையெல்லாம் இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? ஒரு நாட்டின் சுவாசத்தைக் காக்கும் சட்டம் இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் சுவாசப்பையில் அந்தத் தூசியை இறக்கிவிட்டுப் போவதற்கு நாம் பணம் கொடுக்கிறோம் என்றால், அந்தக் காரின் அழகில் எனக்கு ருசி குறைந்துவிடுகிறது.

ஆஸ்பெஸ்டாஸ் தரும் வியாதி இன்றைக்குச் சுவாசித்து நாளைக்கு இருமுகிற ரகம் அல்ல. நுரையீரலைப் போர்த்திய சவ்வில் உண்டாகும் புற்றுநோய், இழை உள்ளே போன பிறகு இருபது, முப்பது, நாற்பது வருஷங்கள் கூட மறைந்திருந்து தலைகாட்டும். சுரங்கத்தையும் தொழிற்சாலையையும் கண்ணால் பார்த்திராமல், கணவனின் வேலை உடுப்பைத் துவைத்த ஒரே காரணத்தால் அதற்கு இரையான பெண்களும் உண்டு. பழைய காரைத் தகப்பனும் மகனுமாகச் சேர்ந்து கழற்றுவது மேல்நாட்டுக் குடும்பங்களில் ஒரு அழகிய சம்பிரதாயம் என்பதை மறுக்கவில்லை. பதினைந்து வயதுப் பையன் கம்ப்ரசர் குழாயைப் பிடித்து டிரம்முக்குள் காற்றை ஊதி, கிளம்பும் சாம்பல் நிறப் புழுதியைக் கையால் விலக்கிக்கொண்டு சிரிக்கும்போது, அதன் கணக்கு அவனுடைய ஐம்பதாவது வயதில் பார்க்கப்படலாம் என்று தகப்பனுக்கு யார் சொல்வது?

வெளிநாட்டில் குடியேறிய நம்மவர்களிலும் இந்த ஆசை பிடித்தவர்கள் இருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலையின் சான்றிதழை எழுத்தில் கேளுங்கள். அகற்றும் வேலையை உரிமம் பெற்றவரிடமே, அவர் கேட்கும் கூலிக்கே ஒப்படையுங்கள். பழைய டிரம்மைக் காற்றால் ஊதாதீர்கள். கேஸ்கட்டை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். அந்தக் கொட்டகைக்குள் குழந்தைகளை விடாதீர்கள். இந்தச் செலவைத் தாங்க இயலாதவர் அந்தக் காரை வாங்காமல் இருப்பதே நல்லது.